பாகம் பிரியாத ஒயர்

ஓதம் ஏறிய தரையில் நின்று, ஈரம் முழுதாகப் போகாத சேலையை உத்தரத்து இரும்பு வளையத்தில் தூளிக்காகக் கோத்து இழுத்தபோது என் வலது கை மணிக்கட்டு வரை துடித்தது. வலி என்று சொல்ல முடியாது. விரல் நுனியில் ஏறிய எறும்புக் கூட்டம் மணிக்கட்டில் ஒரே நேரத்தில் கடித்ததுபோல இருந்தது. கையை உதறி எடுத்துக்கொண்டேன். சேலை வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதக் குழந்தை கீழே பாயில் கிடந்து அழுதாள். இன்னொரு முறை தொட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன். தொடவில்லை.

செங்கல்பட்டில் அப்போது ஐப்பசி மழை நடந்துகொண்டிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. ஏரி நிரம்பி, ரயில் பாதையை ஒட்டித் தண்ணீர் நின்றது. நாட்டு ஓடு வேய்ந்த வீடு எங்களுடையது. ஓட்டில் எங்கே ஒழுகும் என்று எங்களுக்குத் தெரியும். ஒழுகிய தண்ணீர் உத்தரத்தின் வழியாக எங்கே போகும் என்று யாரும் பார்த்ததில்லை.

நான் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தவள். அப்பா மீன் ஏலம் எடுத்து விற்றவர். அண்ணன் கடலுக்குப் போகிறவர். தலைப்பிரசவம் முடிந்து, தாய் வீட்டிலிருந்து குழந்தையோடு செங்கல்பட்டுக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் குப்பத்து வீட்டுக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. அதனால் நான் சொன்னதை நம்பாமல் இருக்க எல்லோருக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

முதலில் மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் என் மாமனார். மரத் தொட்டியில், அதாவது கட்டைக் கிடங்கில், சவுக்குக் கட்டை அளந்து வாங்கும் வேலையில் இருந்தவர். அத்தை என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டதால் வீட்டில் அவர், என் கணவர், நான், குழந்தை மட்டும்தான்.

"கொழந்த பெத்த ஒடம்பு, நரம்பு இஸ்துக்கும்," என்றார் மாமா. "கரண்டுன்னா தூக்கி அட்ச்சிருக்கும்மா. எறும்பு மாரிலாம் ஊறாது."

என் கணவர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். மறுநாள் மதியம் டியூட்டி முடித்து வந்தார். மழை விட்டு நல்ல வெயில். பாயை விரித்து, அதன்மேல் நின்று, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்துத் தொங்கினார்.

"பாருமே, புட்போர்டுல தொங்கற மாரி தொங்கறேன். இன்னா ஆச்சி? டிக்கெட்கூட கிழிக்கலாம் போலகீது."

"நேத்து ஈரம் இருந்திச்சி."

"ஈரம் இருந்தா கரண்டு வரும், வெயிலடிச்சா லீவு வுட்டுடுமா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருந்தது. அன்று அது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

நான் விடாததால் ஒரு ஒயர்மேனைக் கூட்டிவந்தார். ஒயர்மேன் முக்காலியைப் போட்டு ஏறி, சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, அதன் முனையை வளையத்தில் வைத்து, அதன் மறுமுனையில் விரலை அழுத்தினார். உள்ளே இருந்த சிறு விளக்கு எரியவில்லை. வளையத்தை நான்கு பக்கமும் தொட்டார். பிறகு எங்கள் மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டார்.

"கரண்ட் இல்ல தங்கச்சி. டெஸ்டர் பொய் சொல்லாது," என்றார்.

டெஸ்டர் பொய் சொல்லவில்லை; அதைக் கேட்ட விதம்தான் சரியில்லை. அந்த விளக்கு எரிய வேண்டுமானால், டெஸ்டரைப் பிடித்திருப்பவரின் உடம்பு வழியாக மிகச் சிறிய அளவு மின்சாரம் தரைக்குப் போக வேண்டும். அவர் நின்றது காய்ந்த பலா மர முக்காலியில். போதாததற்கு வெயில் நாள், காய்ந்த உத்தரம். இதெல்லாம் பல வருஷம் கழித்து, நாளிதழில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு தீ விபத்துச் செய்திக்காக விசாரித்தபோது எனக்குத் தெரிந்தது. எந்தத் தீ விபத்தானாலும் 'மின்கசிவே காரணம் என்று தெரிகிறது' என்று ஒரு வரி எழுதுவோம். கசிவது எப்படி, எங்கிருந்து என்று எழுத அந்தப் பத்தியில் இடம் இருக்காது.

ஒயர்மேன் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனபின் அந்தப் பேச்சு வீட்டில் முடிந்தது. எனக்கு முடியவில்லை. தூளியில் மட்டுமே தூங்கிப் பழகிய குழந்தை. பாயில் போட்டால் கண் மூடின மறுகணம் விழித்துக்கொள்வாள். வீட்டில் இருந்த ஒரே வளையம் அதுதான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடு அறைக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் அழுவாள், நின்றாலும் அழுவாள். சோறு வடிக்கும்போதும் ஒரு கை அவள் முதுகில் இருந்தது.

இன்னொரு கையில் பெரும்பாலும் ரேடியோ இருந்தது. தோல் உறை போட்ட, பேட்டரியில் ஓடும் சின்ன டிரான்சிஸ்டர். நான் புறப்படும்போது அண்ணன் கொடுத்து அனுப்பியது. மழைக்காலத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்கு எச்சரிக்கை வாசிப்பார்கள். நான் செங்கல்பட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பதால் அண்ணனுக்கு ஒரு பயனும் இல்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. செய்தி நேரம் தவறிவிடக் கூடாது என்று அதை வாரால் தோளில் மாட்டிக்கொண்டே நடப்பேன்.

மேகம் கவிந்து பகலே இருண்டிருந்த ஒரு பிற்பகலில் ஸ்டேஷன் சரியாகப் பிடிபடாமல் முள்ளை நகர்த்திக்கொண்டே நடந்தேன். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில், வெறும் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும் இடத்தில் முள் நின்றது. நடு அறைக்குள் நுழைந்ததும் அந்தச் சத்தம் மாறியது. பெட்டிக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஒரே சுருதியில் ரீங்கரித்தது. வாசலுக்குப் போனேன், அடங்கியது. திரும்பி வந்தேன், எழுந்தது. அறையின் நடுவில், வளையத்துக்கு நேர் கீழே, பேச்சுக் குரலைவிட உரக்கக் கேட்டது.

குழந்தையைப் பாயில் விட்டேன். அவள் அழட்டும் என்று விட்ட முதல் தடவை அது. ரேடியோவை ஒட்டடைக் கோலின் நுனியில் கட்டி உத்தரத்தை ஒட்டித் தூக்கினேன். வளையத்தருகே கத்தியது. உத்தரத்தை ஒட்டி இடது பக்கமாகக் கொண்டுபோனால் கத்தல் குறையாமல் கூடவே வந்தது. வலது பக்கமும் அப்படியே. உத்தரத்தைவிட்டு ஒரு முழம் விலக்கினால் குறைந்தது. ரேடியோவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் ஏறக்குறைய ஊமையானது. படுக்கப் போட்டுத் திருப்பினால் மறுபடி கத்தியது. ஒரு நிலையில் சத்தம் இல்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்யக் கூடாது என்று அப்போதே புரிந்தது. எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

மாமா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமா, ரேடியோவுக்கு ஒட்டட அடிக்கிறியா?"

"கேளுங்க மாமா. ஒத்தரத்துல கரண்டு ஓடுது."

அவர் கேட்டார். காதில் கையைக் குவித்து நன்றாகவே கேட்டார். பிறகு உள்ளே வந்து எங்கள் மெயினை அணைத்தார். எங்கள் வீட்டு விளக்கு அணைந்தது. ரேடியோவின் கத்தல் நிற்கவில்லை.

"அப்ப ரேடியோ ரிப்பேரு," என்றார். "மெயினே ஆஃப். கரண்டே இல்லாத வூட்ல கரண்டு எங்கேர்ந்து வரும்?"

"பக்கத்து வூட்லேர்ந்து."

இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று சொன்ன பிறகு தோன்றியது. மாமா மெயினைப் போட்டார். என்னைப் பார்க்காமல், வலது பக்கச் சுவரைக் காட்டினார்.

"நடுவுல செவுரு கீது, தெரியுதா?"

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வீடும் முன்பு ஒரே வீடு. மாமாவுக்கும் அவருடைய தம்பிக்கும் பாகம் பிரிந்தபோது பெரியவர்கள் கூடத்தின் நடுவில் கோடு போட்டுச் சுவர் எழுப்பினார்கள். முன்பக்கத்தில் மாமாவுக்கு ஓர் அறை கூடுதலாக வந்ததால், அதை ஈடுகட்டப் பின்கட்டில் எங்கள் பக்கம் இருந்த ஓர் அறையைத் தம்பிக்கு விட்டார்கள். கிணறு பொது. ஆனால் ராட்டினம் இரண்டு, கயிறு இரண்டு. பழைய மின் இணைப்பு தம்பியின் பாகத்தில் நின்றுவிட்டது. 'அவன் கரண்டு ஒரு சொட்டுகூட என் வூட்டுக்கு வேணாம்' என்று மாமா சொல்லி, புது இணைப்பு வரும்வரை அரிக்கேன் விளக்கில் இருந்தாராம். அதன் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதில்லை. தெருவில் எதிரே வந்தால் ஒருவர் செருப்பைச் சரிசெய்யக் குனிவார்.

சுவர் உத்தரத்தின் அடிவரை வந்து நின்றிருந்தது. உத்தரத்தை யாரும் அறுக்கவில்லை. அது இரண்டு வீட்டுக்கும் மேலே முழுசாகக் கிடந்தது. தம்பி வீட்டுக் கூடத்திலிருந்து அவர்களுடைய பின்கட்டு அறைக்கு விளக்கு எரிய வேண்டுமானால் ஒயர் எந்த வழியாகப் போகும்? எங்கள் தலைக்கு மேலேதான். ஒயருக்கென்று குடைந்த மரப் பட்டைக்குள் வைத்து உத்தரத்தின் மேற்புறத்தில் அடித்திருந்தார்கள். புகையும் சுண்ணாம்பும் ஏறி மரமும் பட்டையும் ஒன்றாகத் தெரிந்தன. எங்கள் மெயினை எத்தனை முறை அணைத்தாலும் அந்த ஒயருக்கு அது சம்பந்தமே இல்லை. பாகம் பிரிந்த வீட்டில் எல்லோரும் நம்பியதுபோல ஒயர்மேனும் சுவர்வரைதான் வீடு என்று நம்பியிருந்தார்.

ராத்திரி சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரிமே, நீ சொல்றது சரின்னே வெச்சிக்கலாம்," என்றார். "அதுக்கு அப்பா போய் சித்தப்பாவாண்ட நின்னு, 'டேய், உன் ஒயர எடு'ன்னு கேக்கணும். என் பஸ்ஸே பறந்து மாபலிபுரம் போனாலும் போவும், அது நடக்காது."

"அப்ப கொழந்த?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நடந்துகினே தூங்கவையேன், கொஞ்ச நாளைக்கி."

மறுநாள் காலை கிணற்றடியில் சின்னத்தையைப் பிடித்தேன். மாமாவின் தம்பி மனைவி. ஆண்கள் பேசாத வீட்டில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வோம். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச மாட்டோம். இருவரும் கிணற்றுக்குள் பார்த்துப் பேசுவோம். யாராவது வந்தால் தண்ணீர் இறைக்கிறோம்.

"சின்னத்த, ஒரு ஒதவி."

"உப்பா, புளியா?"

"உங்க மெயினக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணணும்."

அவர் கயிற்றை விட்டுவிட்டார். வாளி தண்ணீரில் விழுந்து மோதியது. "பெரியவரு சொல்லி வுட்டாரா?"

"இல்ல. ரேடியோ சொல்லிச்சி."

முழுவதும் சொல்லி முடிக்கும்வரை சிரிக்காமல் கேட்டார். பிறகு சிரித்தார். "பெரியவருக்குப் பதிலா ரேடியோ பேசுதா? நல்லது. அதுக்காவது வாய் கீது."

அவர் கணவர் கடைக்குப் போன பிறகு செய்துபார்க்க ஏற்பாடு. சுவரில் சொம்பால் ஒரு தட்டுத் தட்டினால் மெயின் அணைந்தது என்று அர்த்தம். இரண்டு தட்டினால் போட்டாயிற்று. நான் ரேடியோவைக் கோலில் கட்டி வளையத்தருகே பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் கடுத்தது. வண்டுச் சத்தம் கத்திக்கொண்டே இருந்தது. திடீரென்று கத்தியால் வெட்டியதுபோல நின்றது. ஒரு கணம் கழித்துத்தான் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. ரேடியோவை எல்லாப் பக்கமும் திருப்பினேன். காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு தட்டுக்கு முன்பே வண்டு திரும்பி வந்துவிட்டது.

நான் நினைத்தது சரியாகிவிட்டதில் மகிழ்ச்சி வரவில்லை. தூளி கட்டிய முதல் நாள் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் சின்னத்தை கிணற்றடியில் முந்தானையிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டையை எடுத்து என் வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். பின்கட்டு அறையின் ப்யூஸ் கட்டை.

"நீயே வெச்சிக்க. எனக்கு அந்த ரூமுக்குச் சிம்னி வெளக்கு போதும். அரிசி மூட்டதான கீது அங்க, படிக்கவா போவுது."

"சின்ன மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா இன்னா சொல்வாரு? 'எங்கண்ணன் வந்து கேக்கட்டும்'பாரு. அவரு கேக்க மாட்டாரு, இவரு குடுக்க மாட்டாரு. அதுக்குள்ள உம் பொண்ணு காலேஜிக்கே பூடுவா."

கட்டையை எடுத்த பிறகு ரேடியோவைத் தூக்கிப் பார்த்தேன். சத்தம் முழுதாகப் போகவில்லை. உத்தரத்தை உரசினால் மட்டும் நூல்போல ஒரு முனகல் இருந்தது. வளையத்தடியில் இல்லை. காய்ந்த சேலையாகத் தேடி எடுத்துத் தூளி கட்டினேன். குழந்தை ஆட்டத் தொடங்குமுன்பே தூங்கிவிட்டாள். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எழுந்து மறுபடி ரேடியோவை எடுத்தேன்.

அது பழக்கமானது. ஒவ்வொரு முறை குழந்தையைப் போடுவதற்கு முன்னும் முள்ளைக் காலி இடத்துக்கு நகர்த்தி, வளையத்தடியில் நின்று, ரேடியோவைத் திருப்பித் திருப்பிக் கேட்பேன். மாமா பார்த்துவிட்டு வெளியே போய்விடுவார். மின்னல் வெட்டினால் ரேடியோ படபடவென்று வெடிக்கும். அது வேறு சத்தம். எங்கள் குண்டு பல்பைப் போட்டால் சுவரில் சுவிட்ச் இருக்கும் இடத்தில் மெல்ல முனகும், அது வேறு. எது எது என்று காது பிரித்துக்கொண்டது. வீட்டில் வேறு எந்தச் சத்தத்தையும் நான் அந்த நாட்களில் கேட்டதாக நினைவில்லை.

புயல் சின்னம் என்று அறிவித்த நாளன்று என் கணவர் மதிய டிரிப்பில் வந்தவர், பனையோலைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டு மறுபடி டியூட்டிக்கு ஓடினார். அம்மா பஸ் நிறுத்தத்தில் வந்து கொடுத்தனுப்பிய பால் சுறா. பால் கொடுக்கிறவளுக்குச் சுறாப் புட்டு செய்து போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கடலிலிருந்து திரும்பிவிட்டாரா என்று கேட்கக்கூட நேரம் கொடுக்காமல் பஸ் போய்விட்டதே என்ற நினைப்போடு, அடுப்படியில் சுறாவின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். மழை ஓட்டில் இரைந்தது. வானிலைச் செய்தி கேட்க வேண்டும் என்று கையைக் கழுவிவிட்டு ரேடியோவை எடுத்து, முள்ளை நகர்த்தியபடி குழந்தையைப் பார்க்க நடு அறைக்கு வந்தேன்.

வண்டு கத்தியது.

அவசரத்தில் தூளியைப் பிடிக்கக் கை நீண்டுவிட்டது. பாதி வழியில் இழுத்துக்கொண்டேன். உத்தரத்திலிருந்து வளையத்துக்கு ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கி, வளையத்திலிருந்து சேலையில் ஊறி, மேல் பாதி கறுத்திருந்தது. கீழ்ப்பாதி காய்ந்திருந்தது. ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தை அசையாமல் தூங்கினாள். வயிறு ஏறி இறங்குவது தெரிந்தது.

மின்சாரம் எப்படிப் போகும் என்பது அன்று எனக்கு முழுதாகத் தெரியாது. ஈரத் தரையில் நான் நின்றபோது கடித்தது, பாயில் நின்ற கணவரைக் கடிக்கவில்லை, முக்காலியில் நின்ற ஒயர்மேனுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது மட்டும் தெரியும். அவள் அந்தரத்தில் தொங்குகிறாள். தரையில் ஈரக் காலோடு நிற்பவள் நான். நான் தொட்டால்தான் அது அவள் வழியாக வரும்.

"சின்னத்த!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டேன். காலையும் கையையும் துண்டால் விரலிடுக்கு வரை துடைத்தேன். முக்காலியில் ஏறி, வேறொரு காய்ந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு சேலையின் கீழ்ப்பாதியை விலக்கினேன். மேல் பாதியில் தலைமுடி படாமல் கழுத்தைச் சாய்த்து, அவளைப் படுக்கவைத்திருந்த மடித்த வேட்டியோடு சேர்த்து வாரி எடுத்தேன். அவளை மார்போடு அணைத்துக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கினேன். குழந்தை விழித்து, என்னைப் பார்த்து, கொட்டாவி விட்டாள்.

தாழ்வாரத்தில் மாட்டியிருந்த குடையை எடுத்தேன். ரேடியோவைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, பக்கத்து வீட்டுப் படியேறினேன். பாகம் பிரிந்த பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் ஏறாத படி.

கூடத்தில் டியூப்லைட் எரிந்தது. சின்ன மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை; குழந்தையைப் பார்த்தார். அவளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்னாம்மா?" என்றார்.

நான் ரேடியோவை அவர்கள் கூடத்து உத்தரத்தடியில் நகர்த்தினேன். டியூப்லைட்டுக்குக் கீழே கத்தியது. உள்பக்கத்து உத்தரத்தில் இருந்த வளையத்தடியில் சத்தம் இல்லை. நான்கு பக்கமும் திருப்பினேன். இல்லை.

"சின்னத்த, ஒரு காஞ்ச பொடவ குடுங்க," என்றேன்.

"யாரக் கேட்டு இங்க தூளி கட்டற?" என்றார் சின்ன மாமா. குரலில் கோபத்தைவிடத் திகைப்பு அதிகம்.

"எங்க வளையத்துல உங்க கரண்டு கீது. உங்க வளையத்துல இல்ல. அதான்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சின்னத்தை மெயின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கட்டு ப்யூஸ் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் வளைத்துச் செருகிய செம்புக் கம்பி ஒன்று இருந்தது.

"கட்டையக் காணோம், அரிசி எடுக்கறதுக்கு வெளிச்சம் இல்லன்னு நாந்தான் கம்பி வெச்சேன்," என்றார் சின்ன மாமா. "அதுக்கும் உங்க வூட்டு வளையத்துக்கும் இன்னாம்மா? நடுவுல செவுரு கீதே."

அண்ணனும் தம்பியும் ஒரே வார்த்தை. சின்னத்தை அதைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டு, போய் மெயினை அணைத்தார். இருட்டில் புடவை எடுத்துக் கொடுத்தார்.

மாமா மரத் தொட்டியிலிருந்து வந்தபோது நடு அறையில் ஈரத் தூளி காலியாகத் தொங்கியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் சொல்லி, தெருவில் குடையோடு வந்து நின்றார். படியேறவில்லை.

"கொழந்தயத் தூக்கினு வாம்மா!"

"ஒயர எடுத்தப்புறம் வரேன் மாமா."

"நம்ம வூட்டுப் பொண்ணு அடுத்த வூட்ல தூங்குறதா?"

"நம்ம வூட்ல அடுத்த வூட்டுக் கரண்டு தூங்குதே."

குடையை மடக்காமல் வெகுநேரம் நின்றார். மழையும் நிற்கவில்லை. பிறகு போய்விட்டார்.

புயல் எங்கோ வடக்கே கரை கடந்தது. அண்ணன் கடலுக்கே போகவில்லை என்று பஸ்ஸில் சேதி வந்தது. அந்த ஒரு கவலை போனது. சின்ன மாமா செம்புக் கம்பியை எடுக்கவில்லை; 'எங்கண்ணன் வந்து கேக்கட்டும்' என்றார். நான் எங்கள் வீட்டில் சமைத்தேன், அவர்கள் வீட்டில் பால் கொடுத்தேன். நாளெல்லாம் இரண்டு வாசலுக்கும் நடந்தேன். குழந்தை நன்றாகத் தூங்கினாள். மற்ற எவரும் தூங்கினதாகத் தெரியவில்லை. என் கணவரை டிரைவர் கேட்டாராம்: "இன்னா மச்சான், உம் பொண்ணு இந்த வயசுலயே பாகம் கேட்டு வாங்கிகினாளாமே?" அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, தெரு முனைக்கும் வாசலுக்கும் நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டு வாசலில் நடை குறையும். உள்ளே அவருடைய தம்பி தூளியை ஆட்டிக்கொண்டிருப்பது தெருவிலிருந்து தெரியும்.

ஒரு காலையில் வெயில் வந்தது. மாமா எங்கிருந்தோ சவுக்கு ஏணியோடும் அதே ஒயர்மேனோடும் வந்தார். ஓட்டைப் பிரித்தார்கள். உத்தரத்தின் மேற்புறம் பட்டை தெரிந்தது. ஒயர்மேன் டெஸ்டரோடு குனிந்தார். இந்தத் தடவை ஒரு கையால் ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டார். டெஸ்டர் விளக்கு எரிந்ததும் கையை எடுத்தார்.

"நைனா, கீது. அந்த வூட்டு மெயின ஆஃப் பண்ணச் சொல்லு. இல்லாட்டி நான் தொடமாட்டேன்."

மாமா ஏணியின் கீழே நின்றார். என்னைப் பார்த்தார். நான் போய்ச் சொல்லியிருக்கலாம். என் கணவர் சொல்லியிருக்கலாம். மாமா சுவரின் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார்.

"டேய்!"

சுவருக்கு அந்தப் பக்கம் தூளிக் கயிற்றின் கிறீச்சு நின்றது.

"மெயின ஆஃப் பண்ணுடா!"

"பண்ணிட்டேன்," என்று குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, "மேல யாரு, நீயா? வழுக்கும், பாத்து."

ஒயர்மேன் பட்டையை நெம்பினார். ஒயரின் மேல் சுற்றியிருந்த துணி கையில் பொடியாக உதிர்ந்தது. உள்ளே ரப்பர் வெடித்து, செம்பு பச்சை பூத்திருந்தது. வளையத்தின் ஆணி உத்தரத்தைத் துளைத்து மேலே வந்து, நட் முறுக்கிய இடத்தில் ஒயர் அதன்மேல் படுத்திருந்தது. அந்த இடத்து மரம் கரிந்திருந்தது. மாமா ஏறி அதை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். இறங்கிய பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பின்கட்டு அறைக்குப் புது ஒயரை வெளிச்சுவரை ஒட்டி இழுப்பதென்று ஒயர்மேன் முடிவு செய்தார். அது எங்கள் பாகத்துச் சுவர். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"ஆன் பண்ணலாமா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து சின்ன மாமா கேட்டார்.

மாமா ஒயர்மேனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ரேடியோவைக் கோலில் கட்டி வளையத்தருகே தூக்கினேன்.

"பண்ணு," என்றார் மாமா.

சுவரில் சொம்பு இரண்டு முறை தட்டியது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாமா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல மாமா."

"அப்பப் போய்க் கொழந்தயத் தூக்கினு வா."

"இருங்க," என்றேன். "இன்னொரு பக்கம் திருப்பிப் பாத்துட்றேன்."